மலையில் கட்டும் வீட்டுக்கு ப்ராஜெக்ட்லிப்ரேயில் அட்டவணை போடுவது: முழுமையான வழிகாட்டி

ப்ராஜெக்ட்லிப்ரே என்ற திட்ட அட்டவணை மென்பொருளைத் திறந்ததும் முதல் வரியில் 'வானம் தோண்டுதல்' (கடைக்காலுக்குக் குழி எடுப்பது) என்று அடித்து, பக்கத்துக் கட்டத்தில் தேதியைப் போடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் நாற்பது வரி நிரம்பிவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். முதல் மழையில் இரண்டு நாள் வேலை நின்றதும் நாற்பது தேதியையும் கையால் மாற்ற வேண்டிவரும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை.

தேதியை மென்பொருள் சொல்லட்டும். நாம் சொல்ல வேண்டியவை மூன்று: எந்த நாள் வேலை நடக்கும், எந்த வேலைக்கு எத்தனை நாள், எதற்குப் பின் எது. கீழே வரும் வரிசையும் அதே வரிசைதான்.

எடுத்துக்காட்டாக, கோத்தகிரிப் பக்கம் சரிவில் கட்டும் 900 சதுர அடி தரைத்தள வீட்டை வைத்துக்கொள்வோம். ப்ராஜெக்ட்லிப்ரே இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். சிக்னல் வந்து வந்து போகும் தளத்தில் இந்தக் கடைசிக் குணம்தான் பெரிது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே படிகள் பெரும்பாலும் பொருந்தும், பொத்தான்கள் இருக்கும் இடம் மாறும்.

1. கணினியைத் தொடுமுன் கையில் இருக்க வேண்டியவை

அங்கீகரித்த வரைபடம், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூவரோடும் ஒரு மணி நேரப் பேச்சு, ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

கட்டட அனுமதி இன்னும் வரவில்லை என்றால், அது வரும் நாளை ஊகித்து அட்டவணையைத் தொடங்காதீர்கள். நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரத்துக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அது கையில் இல்லாமல் ஜேசிபியை ஏற்றிக்கொண்டு வந்தால் முதல் நாளே வேலை நிற்கும். இரண்டு அனுமதியும் வந்த பிறகுதான் தொடக்க நாளை முடிவு செய்ய வேண்டும்.

நோட்டில் வேலைகளை நடக்கும் வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது தொடங்க முன்னால் எது முடிந்திருக்க வேண்டும்?" என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைத் திரையின் முன்னால் உட்கார்ந்து யோசித்தால் பாதி இணைப்புகள் விட்டுப்போகும். மேஸ்திரி முன்னால் கேட்டால் விடாது.

2. கோப்பைத் தொடங்குதல்

புதிய ப்ராஜெக்ட் கொடுத்ததும் பெயரும் தொடக்கத் தேதியும் கேட்கும். 'ஃபார்வர்டு ஷெட்யூல்டு' என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் முடிவு நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எல்லா வேலையையும் கடைசி நொடிக்குத் தள்ளி வைக்கும். ஒரு நாள் மழை வந்தாலும் அந்தத் திட்டம் தாங்காது.

3. காலண்டர்: அவசரப்படக் கூடாத இடம்

மென்பொருளோடு வரும் 'ஸ்டாண்டர்ட்' காலண்டரில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை, சனி ஞாயிறு விடுமுறை. நம் தளத்தில் சனிக்கிழமை வேலை நாள், அதிலும் கூலி நாள். இதை மாற்றாமல் விட்டால் ஆறு மாதத் திட்டத்தில் ஏறக்குறைய 26 வேலை நாள் காணாமல் போகும்.

ஃபைல் பகுதியில் காலண்டரைத் திறந்து, ஸ்டாண்டர்டிலிருந்து தொடங்கி மூன்று காலண்டர்கள் உருவாக்குங்கள்.

*தளம்.* திங்கள் முதல் சனி வரை. இதில் விடுமுறைகளைக் குறியுங்கள். பொங்கலுக்கு அரசு விடுமுறையை மட்டும் குறித்தால் போதாது. சமவெளியிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறவர்கள் போகியன்றே இறங்கினால் காணும் பொங்கல் கழிந்து ஒரு நாள் ஆகித்தான் ஏறுவார்கள். ஹெத்தையம்மன் திருவிழா, ஊர்த் திருவிழா, அருகிலுள்ள ஊரில் சந்தை கூடும் நாள் ஆகியவற்றை மேஸ்திரியிடம் கேட்டுச் சேருங்கள். வீட்டின் உள்ளே நடக்கும் வயரிங், டைல்ஸ் போன்ற வேலைகளுக்கு இந்தக் காலண்டரே போதும்.

*மழை.* தளக் காலண்டரின் நகல். திறந்தவெளி வேலைகளுக்கு மட்டும் பயன்படும். மழை மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாளைக் கூடுதலாக வேலையில்லா நாளாகக் குறியுங்கள். புதன், சனி என்று ஏதோ இரண்டு நாள் போதும். மழை அந்த நாளில்தான் வரும் என்பதில்லை, எண்ணிக்கை சரியாக இருந்தால் மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவரும். எந்த மாதங்கள் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் பலமானது. கொடைக்கானலுக்கும் அந்த இரண்டு மாதங்களில் எச்சரிக்கை வேண்டும். கூடலூரில் போட்ட கோப்பை அப்படியே நகலெடுத்துக் கோத்தகிரியில் பயன்படுத்தினால் நல்ல வெயில் மாதத்தில் வேலை நிற்கும், கொட்டும் மழையில் கான்கிரீட் போடச் சொல்லும்.

*ரோடு.* சரக்கு வரத்துக்கு மட்டும். திங்கள் முதல் வெள்ளி வரை. சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வண்டிகளின் நெரிசலில் காலையில் கிளம்பிய லாரி மாலையில்தான் வந்து சேரும், இறக்க ஆள் இருக்காது. மே மாத சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதை ஆக்குவது வழக்கம். அப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நேராக ஏற முடியாது. அந்த மாதத்துக்கு வாரத்தில் மூன்று நாளை மட்டும் வரத்து நாளாக வைப்பது பாதுகாப்பு.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு காரியத்தை மறந்துவிடுகிறார்கள். காலண்டரை உருவாக்கினால் மட்டும் அது அமலுக்கு வராது. ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷன் பெட்டியில் பேஸ் காலண்டராகத் 'தளம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற இரண்டையும் அந்தந்த வேலையின் தகவல் பெட்டியில், அட்வான்ஸ்டு பக்கத்தில் ஏற்ற வேண்டும். சரிபார்க்க எளிய வழி: ஐந்து நாள் வேலை ஒன்றை வியாழனில் தொடங்கிப் பாருங்கள். செவ்வாயன்று முடிந்தால் காலண்டர் சரி, புதன் காட்டினால் இன்னும் ஸ்டாண்டர்டில்தான் ஓடுகிறது.

4. வேலைகளை உடைத்தல்

இந்த அளவு வீட்டுக்கு 35 முதல் 50 வரி போதும். அரை நாளுக்குக் குறைந்த வேலைக்குத் தனி வரி வேண்டாம். பத்து நாளுக்கு மேல் போகும் வேலையை இரண்டாக உடையுங்கள். வாரம் ஒருமுறைதான் கணக்குப் பார்க்கப் போகிறோம். 25 நாள் நீளமுள்ள 'பூச்சு வேலை' தாமதமாவது மூன்றாம் வாரம்தான் கண்ணுக்குத் தெரியும். உள்பூச்சு, வெளிப்பூச்சு, குளியலறை என்று பிரித்தால் முதல் வாரமே தெரியும்.

தலைப்பு வரிகள்: தடுப்புச் சுவர், கடைக்கால், சுவர், ரூஃப், உள்வேலை, முடிப்பு. அவற்றுக்குக் கீழுள்ள வேலைகளைத் தேர்ந்தெடுத்து இன்டென்ட் பொத்தானால் உள்ளே தள்ளுங்கள். தலைப்பு வரிக்கு நாளோ இணைப்போ கொடுக்காதீர்கள். அதன் நாளை உள்ளே இருக்கும் வேலைகளிலிருந்து மென்பொருளே கூட்டிக்கொள்ளும். தலைப்பை இன்னொரு தலைப்போடு இணைத்தால் உள்ளே எது எதைத் தள்ளுகிறது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

சரிவு நிலத்தில் தடுப்புச் சுவர் முதலில் வரவேண்டும். மண்ணை வெட்டிவிட்டுச் சுவர் இல்லாமல் கடைக்காலுக்கு இறங்கினால் ஒரு ராத்திரி மழையில் வெட்டிய பக்கம் சரிந்து வானம் மூடிக்கொள்ளும். சுவர், வடிகுழாய், பின்புற மண் நிரப்பல் மூன்றும் தனி வரிகள். ஒரே வரியாகப் போட்டால் வடிகுழாய் வைக்காமலே 'முடிந்தது' என்று டிக் விழும்.

5. நாள் மதிப்பீடு

மேஸ்திரியிடம் "நல்ல வெயில் அடித்தால், ஆள் எல்லாரும் வந்தால் எத்தனை நாள்?" என்று மட்டும் கேளுங்கள். மழையை ஏற்கெனவே காலண்டரில் வைத்துவிட்டோம். அவரும் மழைக்காக இரண்டு நாள் சேர்த்துச் சொன்னால் ஒரே மழையை இரண்டு முறை எண்ணுகிறோம்.

வாரக் கணக்கில் அடிக்காதீர்கள். '2 வாரம்' என்று கொடுத்தால் மென்பொருள் தன் அமைப்பில் உள்ள வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கில் பத்து நாளாக்கும். நம் வாரம் 48 மணி. எல்லாவற்றையும் நாளிலேயே எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்து வைக்கும் 'கையிருப்பு' நாள் எப்படியும் செலவழிந்துவிடும். அதையெல்லாம் எடுத்துக் கடைசியில் 'ஒதுக்கு நாள்' என்று ஒரே வரியாக, பத்து நாள் அளவில் வையுங்கள்.

6. இணைப்பு

இரண்டு வேலைகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்து லிங்க் பொத்தானை அழுத்தினால் முதலாவது முடிந்த பின் இரண்டாவது தொடங்கும். தொண்ணூறு சதவீத இணைப்புகளுக்கு இந்த வகையே போதும். முதலாவது தொடங்கிய சில நாளில் இரண்டாவதும் தொடங்கலாம் என்றால், திரையில் உள்ள பட்டை வரைபடத்தில் இணைப்பு அம்பின் மேல் இரட்டைக் கிளிக் செய்து வகையை மாற்றி, இடைவெளி நாளைக் கொடுங்கள். சுவர் கட்டத் தொடங்கி நான்கு நாளில் ஜன்னல் சட்டம் நிறுத்தத் தொடங்கலாம் என்பது இப்படிப்பட்டது.

தொடக்கத் தேதிக் கட்டத்தில் கையால் தேதி அடிக்கவே கூடாது. அடித்த மறுகணம் அந்த வேலையில் 'இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே' என்ற பூட்டு விழும். முந்தின வேலை சீக்கிரம் முடிந்தாலும் அது முன்னால் நகராது. தெரியாமல் அடித்திருந்தால் அட்வான்ஸ்டு பக்கத்தில் கன்ஸ்ட்ரெயின்ட் வகையை 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' என்று மாற்றுங்கள்.

கிரகப்பிரவேச முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, அந்த நாளை என்ன செய்வது என்று கேட்பார்கள். மார்கழி பிறந்துவிட்டால் தை வரை காத்திருக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதுதான். அதற்காக அந்த நாளை 'கட்டாயம் இந்தத் தேதியில் முடி' என்று பூட்டாதீர்கள். நாள் அளவு பூஜ்யம் உள்ள வரியாகக் கிரகப்பிரவேசத்தைச் சேர்த்து, அதன் டெட்லைன் கட்டத்தில் முகூர்த்தத் தேதியைப் போடுங்கள். பூட்டினால் கணக்கு பொய்யாகும். டெட்லைன் தேதிகளை நகர்த்தாது, ஒப்பிட்டுப் பார்க்க நிற்கும்.

அடிக்கடி விட்டுப்போகும் இணைப்புகள்:

- ரூஃப் கம்பி கட்டியதும் எலக்ட்ரீஷியன் பைப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் கான்கிரீட். ஒரே எலக்ட்ரீஷியன் நான்கு தளம் பார்ப்பார். இந்த இணைப்பு இல்லையென்றால் கலவை இயந்திரமும் இருபது ஆளும் வந்து நிற்கும்போதுதான் அவருக்கு ஃபோன் போகும்.
- சுவரில் காடி வெட்டி வயரிங் பைப் பதித்த பின் உள்பூச்சு.
- குளியலறைக் குழாய்ச் சோதனை, நீர்த்தடுப்புப் பூச்சு, தண்ணீர் நிறுத்திப் பார்த்தல், பிறகு டைல்ஸ்.
- வெளிப்பூச்சு முடிந்து சாரம் பிரித்த பின் முற்றத்துத் தளம்.

7. க்யூரிங்கும் முட்டு பிரித்தலும்

கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. மென்பொருளுக்கு அது தெரியாது.

2026 மார்ச் 11, புதன்கிழமை ரூஃப் கான்கிரீட் போடுகிறோம், 14 நாள் க்யூரிங் (ஈரம் காயாமல் நனைத்து வைத்தல்) என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண 14 நாளாகக் கொடுத்தால் ஆறு நாள் காலண்டரில் அடுத்த வேலை மார்ச் 28-இல் தொடங்கும். ஸ்டாண்டர்ட் காலண்டரை மாற்ற மறந்திருந்தால் ஏப்ரல் 1. உண்மையில் மார்ச் 26-இலேயே தொடங்கலாம். இதற்கு எலாப்ஸ்டு நாள் என்ற அளவு இருக்கிறது. 14 என்ற எண்ணை ஒட்டி இ, டி என்னும் இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளை அடித்தால் ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்து எண்ணும்.

க்யூரிங்கை இணைப்பின் இடைவெளியாக ஒளித்து வைக்காமல் தனி வரியாகவே போடுங்கள். காரணம், அதற்குத் தண்ணீரும் ஆளும் வேண்டும். மார்ச், ஏப்ரலில் குழாய்த் தண்ணீர் தினமும் வராத இடங்கள் மலையில் நிறைய. வரி கண்ணில் பட்டால்தான் தண்ணீர் லாரிக்கு முன்கூட்டியே சொல்லத் தோன்றும்.

நாள் எத்தனை? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000-இன்படி சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி (போர்ட்லாண்ட் பொஸோலானா சிமெண்ட்) போன்ற கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், அதை 14 ஆக நீட்டுவது நல்லது. கான்கிரீட்டைக் கீழிருந்து தாங்கும் முட்டு பிரிப்பதற்கு அதே விதியில், தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள கான்கிரீட் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று இருக்கிறது. 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள்.

இதில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. முட்டு பிரிக்கும் அந்த எண்கள் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் போட்டு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கானவை. ஊட்டி, கொடைக்கானல் இரவுகள் ஆண்டின் பெரும்பகுதி அந்த நிபந்தனைக்குள் வராது. கோத்தகிரியிலும் மார்கழி, தை மாதங்களில் வராது. குளிரில் கான்கிரீட் வலுவேறுவது மெதுவாகும். கோயம்புத்தூரில் வேலை பார்த்த மேஸ்திரி அங்கே பழகிய ஏழு நாளைச் சொன்னால் அதை அப்படியே அடிக்காமல், பொறியாளர் எழுதிக் கொடுக்கும் நாளைப் போடுங்கள். அந்த வரியின் குறிப்புப் பெட்டியில் 'பொறியாளர் சொன்ன பிறகே' என்று எழுதிவிடுங்கள்.

க்யூரிங், முட்டு நிற்கும் காலம் இரண்டும் கான்கிரீட் போட்ட வரியிலிருந்து தனித்தனியாகக் கிளைக்க வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக இணைத்து 28 நாளாக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

8. ஆளும் சரக்கும்

ரிசோர்ஸ் பக்கத்தில் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், எலக்ட்ரீஷியன் என்று சேருங்கள். மூன்று கொத்தனார் இருந்தால் ஒரே வரியில் மேக்ஸ் யூனிட்ஸ் 300 சதவீதம். ஒவ்வொருவரின் பேஸ் காலண்டரும் என்ன என்று பாருங்கள். 'ஸ்டாண்டர்ட்' என்று இருந்தால் ஆளை ஒதுக்கியதும் சனிக்கிழமை மறுபடி காணாமல் போகும்.

இன்னொரு பொறி: கொத்தனாரை ஒதுக்கிய வேலைக்குப் பிறகு சித்தாளையும் சேர்த்தால் எட்டு நாள் வேலை நான்கு நாளாகச் சுருங்கலாம். ஆள் கூடினால் நாள் குறையும் என்று மென்பொருள் கருதுகிறது. சித்தாள் வந்ததால் சுவர் இரட்டை வேகத்தில் ஏறாது. அட்வான்ஸ்டு பக்கத்தில் எஃபர்ட் டிரிவன் என்ற டிக்கை எடுத்துவிட்டு ஒதுக்குங்கள்.

பிறகு ஹிஸ்டோகிராம் காட்சியைத் திறந்தால் எந்த வாரம் எலக்ட்ரீஷியன் 200 சதவீதத்துக்குப் போகிறார் என்று தெரியும். இரண்டில் ஒரு வேலையை மற்றதன் பின்னால் இணைத்து நீங்களே பிரித்துவிடுங்கள்.

சரக்கை வேலையாகவே எழுதுங்கள். 900 சதுர அடி ரூஃபை 5 அங்குலத்துக்குப் போட 375 கன அடி, அதாவது சுமார் 10.6 கன மீட்டர் கான்கிரீட். சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றும் ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற விகிதத்தில் கன மீட்டருக்கு 8 மூட்டை வைத்தால் 85 மூட்டை சிமெண்ட், மூன்று யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் 100 கன அடி) சற்று மேல் ஜல்லி, ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் எம்-சாண்ட். பீம் கணக்கு தனி. சிமெண்ட் மட்டுமே நாலேகால் டன். பெரிய லாரி திரும்ப முடியாத வழியென்றால் ஒன்றரை டன் ஏற்றும் பிக்-அப்பில் மூன்று நடை, ஜல்லியும் மணலும் அதைப் போலப் பல மடங்கு. ஆகவே 'ரூஃப் சரக்கு ஏற்றுதல்' என்பது இரண்டு மூன்று நாள் வேலை, ரோடு காலண்டரில் ஓட வேண்டியது, கான்கிரீட்டுக்கு முன் இணைய வேண்டியது. மூட்டைகளை மூடுபனியில் நெடுநாள் அடுக்கி வைத்தால் கட்டிதட்டும், அதனால் அதை வெகு முன்னாலும் தள்ளாதீர்கள்.

9. சிவப்பைப் பார்த்துவிட்டு பேஸ்லைன்

இப்போது வரைபடத்தில் சில பட்டைகள் சிவப்பாக இருக்கும். அவற்றில் ஒன்று ஒரு நாள் தள்ளினாலும் வீடு ஒரு நாள் தள்ளும். பாதி வரைபடம் சிவப்பாக இருந்தால் தேவையில்லாமல் எல்லாவற்றையும் சங்கிலியாக இணைத்திருக்கிறீர்கள். சிவப்பு நடுவில் அறுந்து நின்றால் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது கையால் தேதி அடித்திருக்கிறீர்கள்.

மேஸ்திரியிடம் ஒருமுறை காட்டி, திருத்தி, அதற்குப் பின் சேவ் பேஸ்லைன் கொடுங்கள். இது திட்டத்தின் முதல் நிலையைப் படம்பிடித்து வைப்பது. முதல் தாமதம் வந்ததும் பேஸ்லைனைப் புதிதாகச் சேமிக்கிறவர்கள் உண்டு. அப்புறம் எல்லாம் சரியாகவே போவதாகக் காட்டும், எவ்வளவு தாமதம் என்பது யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் அறையொன்றைக் கூட்டச் சொன்னால் மட்டும் புதிய பேஸ்லைன்.

10. சனிக்கிழமைக் கணக்கு

கூலி கொடுக்கும் மாலைதான் இதற்குச் சரியான நேரம். யார் எத்தனை நாள் வந்தார்கள் என்ற நோட்டு அப்போது திறந்திருக்கும், மேஸ்திரியும் எதிரில் இருப்பார்.

முதலில் கோப்புக்கு நகல் எடுங்கள். பிறகு அந்த வாரம் தொட்ட வேலைகளுக்கு மட்டும் அப்டேட் டாஸ்க்ஸ் பெட்டியில் உண்மையில் தொடங்கிய தேதி, முடிந்திருந்தால் முடிந்த தேதி. முடியாத வேலைக்கு "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்காதீர்கள். "முக்கால்வாசி முடிந்தது சார்" என்ற பதில் மூன்று வாரம் தொடர்ந்து வரும். "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டு, அந்த எண்ணை ரிமெய்னிங் டியூரேஷன் கட்டத்தில் போடுங்கள்.

கடைசியாக, செய்யாமல் நின்ற வேலையை வரும் நாள்களுக்கு நகர்த்த வேண்டும். ஃபைல் பகுதியில் அப்டேட் திறந்து, முடியாத வேலையை இந்தத் தேதிக்குப் பின் நகர்த்து என்பதைத் தேர்ந்தெடுத்து அன்றைய தேதியைக் கொடுங்கள். இதை விட்டால் போன செவ்வாய் நடக்காத பூச்சு வேலை போன செவ்வாயிலேயே நின்றுகொண்டிருக்கும், பின்னால் வரும் தேதிகள் எல்லாம் பழையபடி இருக்கும். கிரகப்பிரவேசமும் உரிய நாளில் நடப்பதாகவே காட்டும்.

டிராக்கிங் கான்ட் காட்சியில் பேஸ்லைன் பட்டையும் இன்றைய பட்டையும் மேலும் கீழுமாகத் தெரியும். ஒதுக்கு நாள் பத்தில் எவ்வளவு கரைந்தது என்பதை முதலில் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு வேலைதான் முடிந்திருக்கிறது, ஒதுக்கு நாளில் பாதி போய்விட்டது என்றால், முகூர்த்தத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

11. தளத்துக்குப் போகும் தாள்

முழு வரைபடத்தையும் மேஸ்திரிக்கு அனுப்பாதீர்கள். அடுத்த இரண்டு வாரத்து வேலைகள் மட்டும், வேலை, தொடங்கும் நாள், முடியும் நாள், யார் என்ற நான்கே பத்திகளில், ஒரே பக்கம். பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் ஒன்று, தளத்துக் கொட்டகையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்று. உறை இல்லாவிட்டால் மூடுபனியில் இரண்டு நாளில் தாள் நைந்துவிடும். பக்கத்தின் தலையில் எந்தச் சனிக்கிழமைக் கணக்கு என்ற தேதியைப் பெரிதாக எழுதுங்கள். பழைய தாளைக் கிழித்த பிறகே புதிய தாளை ஒட்டுங்கள்.